தைப்பட்டத்துக்கு முன் விதை மாற்றிக்கொள்ள: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (மன்னார்குடி வாசகி): எங்கள் தெருவில் பல வீடுகளில் கொல்லைத் தோட்டம் இருக்கிறது. தைப்பட்டத்துக்கு முன்பு ஒரு நாள் கூடி, அவரவர் வைத்திருக்கும் காய்கறி விதைகளை மாற்றிக்கொள்ளலாம் என்று பேசியிருக்கிறோம். எப்போது கூடுவது? என்ன விதிமுறை வைத்துக்கொள்வது?

பதில்: மார்கழி முதல் வாரத்திலேயே கூடிவிடுங்கள். கத்தரியும் மிளகாயும் நாற்றுவிட்டு நடுபவை; நாற்று தயாராக முப்பது, நாற்பது நாள் ஆகும். பொங்கல் கழித்து விதை கைக்கு வந்தால் நடவு மாசிக்குத் தள்ளிப்போய், செடி பூக்கும் நேரத்தில் சித்திரை வெயில் வந்து பூவை உதிர்த்துவிடும். வெண்டை, கொத்தவரை, கொடி வகைகள் ஆகியவை நேராக ஊன்றுபவை என்பதால் அவற்றுக்கு இந்த அவசரம் இல்லை.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டப்பாவில் இருந்த விதையும் ஈரம் வாங்கியிருக்கும். கூடுவதற்குப் பத்து நாள் முன்பு எடுத்து, உச்சி வெயிலைத் தவிர்த்துக் காலை இளவெயிலில் உலர்த்துங்கள். பிறகு இருபது விதையை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி வைத்து, எத்தனை முளைக்கின்றன என்று பாருங்கள். பாதிகூட முளைக்காத விதையைப் பரிமாற்றத்துக்குக் கொண்டுவராமல் இருப்பதே நாணயம்.

விதிமுறை என்றவுடன் திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் கடைப்பிடித்த வழக்கம் பலருக்கு நினைவுக்கு வரும். பாரம்பரிய நெல் விதை இரண்டு கிலோ வாங்கிச் செல்பவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். நெல்லுக்கு அது பொருத்தமான ஏற்பாடு. நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர் என்பதால், கலப்பு நெல் சேராமல் பார்த்து அறுத்தால் கொடுத்த ரகமே திரும்பி வரும். காய்கறிக்கு அளவு ஒரு பொருட்டே அல்ல, ஒரு பழுத்த கத்தரிக்காயில் தெருவுக்கே போதுமான விதை இருக்கும். ஆகவே நீங்கள் அளவைக் கேட்காமல் விவரத்தைக் கேளுங்கள் என்பது என் யோசனை. எந்த வீட்டுச் செடி, களிமண்ணா மணலா, எந்த மாதம் எடுத்த விதை, பக்கத்தில் அதே இனத்தில் வேறு ரகம் இருந்ததா என்ற நான்கையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி விதையோடு போடச் சொல்லுங்கள். சீட்டு இல்லாத விதையை வாங்க வேண்டாம்.

கேள்வி (பாபநாசம் வாசகர்): சென்ற ஆண்டு உறவினர் தந்த சுரை விதையை ஊன்றினேன். கொடி நன்றாகப் படர்ந்தது, காய் மட்டும் வாயில் வைக்க முடியாத கசப்பு. அவர் வீட்டுக் காய் கசக்கவில்லையே, ஏன் இப்படி?

பதில்: முதலில் ஓர் எச்சரிக்கை: கசக்கும் சுரைக்காயைச் சமைக்கவும் வேண்டாம், சாறாகக் குடிக்கவும் வேண்டாம். அதன் சாற்றைக் குடித்து உயிரிழந்தவர்களும் உண்டு.

உங்கள் உறவினர் மீது குற்றமில்லை. சுரையில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. மகரந்தத்தைக் கொண்டுவருவது பூச்சி. சற்றுத் தொலைவில் வேலியோரம் ஒரு கசப்புச் சுரை படர்ந்திருந்தால் அதன் மகரந்தம் இவர் கொடிக்கு வந்திருக்கும். அவ்வாறு கருவுற்ற காயின் சுவை மாறாது, உள்ளேயிருக்கும் விதைதான் மாறும். அதனால்தான் அவர் வீட்டில் தெரியாதது உங்கள் வீட்டில் தெரிந்தது. பரங்கி, பீர்க்கு, பாகல், புடலை எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

விதைக்கென்று ஓரிரண்டு காயையாவது கையால் மகரந்தம் சேர்த்து வளர்த்தெடுங்கள். சுரைப் பூ அந்தியில் மலரும். அன்று பிற்பகலிலேயே, முந்தின நாள் மலர்ந்து வாடிய பூ எது, இன்று மலரப்போகும் மொட்டு எது என்று பார்த்து, அடியில் சிறு பிஞ்சு ஒட்டியிருக்கும் பெண் மொட்டு ஒன்றையும் வெறுங்காம்போடு நிற்கும் ஆண் மொட்டு ஒன்றையும் காகித உறையால் மூடிவிடுங்கள். மலர்ந்ததும் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை உரித்து, பெண் பூவின் நடுவில் மென்மையாகத் தடவிவிட்டு மீண்டும் உறையை மாட்டுங்கள். இரண்டு நாள் கழித்து உறையை எடுத்துவிட்டுக் காம்பில் சிவப்பு நூலைக் கட்டினால், வீட்டார் அதைக் குழம்புக்கு அறுத்துவிட மாட்டார்கள். பரங்கிக்கு விடியற்காலையில் செய்ய வேண்டும். முதல் நாள் மாலையே மொட்டைக் கட்டிவிடுங்கள். சுரைக்காய் கொடியிலேயே முற்றி, நகம் இறங்காத தோலாகி, ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும்வரை பொறுத்திருங்கள்.

கேள்வி (திருவாரூர் வாசகர்): கடையில் வாங்கிய பாக்கெட் விதையிலிருந்து விளைந்த காயின் விதையை மற்றவர்க்குக் கொடுக்கலாமா? சட்டத்தில் தடை உண்டா?

பதில்: 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, உழவர் தம் விளைச்சலின் விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும் பகிரவும் விற்கவும் உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை வணிகப் பெயர் ஒட்டிய பொட்டலமாக விற்பதுதான் கூடாது. ஆனால் பாக்கெட்டில் வீரிய ஒட்டு அல்லது எஃப்1 (இரு ரகங்களைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை விதை) என்று அச்சிட்டிருந்தால் கொடுக்காதீர்கள். அடுத்த தலைமுறையில் ஒரு செடி ஒரு மாதிரி, மறு செடி வேறு மாதிரி என்று பிரிந்துவிடும்.

கேள்வி (தலைஞாயிறு வாசகி): எங்கள் கொல்லை முழுக்கக் களிமண். மழை விட்டதும் கொத்தினால் கட்டி கட்டியாகிவிடுகிறது. தைப்பட்டத்துக்கு எப்படிப் பண்படுத்துவது?

பதில்: ஈரம் மிகுதியாக இருக்கும்போது கொத்துவதால்தான் கட்டியாகிறது. ஒரு பிடி மண்ணை உருண்டையாக்கி இடுப்பளவு உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். உடைந்து சிதறினால் கொத்தலாம். அப்பிக்கொண்டு கிடந்தால் இரண்டு நாள் பொறுங்கள். மக்கிய தொழு உரத்தோடு அரிசி ஆலையில் கிடைக்கும் கருகிய உமியையும் கலந்து, ஒரு சாண் உயர மேட்டுப்பாத்தி அமைத்தால் வேரில் நீர் தேங்காது. நாற்றங்காலில் விதைத்தவுடன் வைக்கோலை மெல்லிதாகப் பரப்பி, பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். முளை தலைகாட்டியதும் வைக்கோலை எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் நாற்று வெளுத்து நீண்டுவிடும். சம்பா அறுவடையில் வரும் புது வைக்கோலில் கொஞ்சம் ஒதுக்கி வைத்து, நட்ட செடிகளின் அடியில் மூடாக்காக இடுங்கள், களிமண் மாசியில் வெடிப்பு விடாது. உங்கள் பகுதி கடலோரம் என்பதால் நாற்றுக்கு ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றும் முன் வாயில் ஒரு துளி விட்டுப் பாருங்கள்; உப்புக் கரித்தால், நாற்று வேர் பிடிக்கும்வரை குளத்து நீரையே எடுத்து ஊற்றுங்கள்.