தினம் 1 ஜிபி பேக், ஆண்ட்ராய்டு போன். தொடாமலே டேட்டா தீர்கிறதே, என்ன செய்வது?

முதலில் செட்டிங்ஸில் டேட்டா யூசேஜ் பகுதியைத் திறந்து, எந்தச் செயலி பின்னணியில் அதிகம் இழுக்கிறது என்று பாருங்கள். அந்தச் செயலியின் பக்கத்தில் 'பேக்கிரவுண்ட் டேட்டா'வை அணைத்தால் போதும். ஆண்ட்ராய்டு 7 முதல் உள்ள 'டேட்டா சேவர்' எல்லாவற்றையும் ஒரேயடியாக அடக்கும். ஆனால் வாட்ஸ்அப் செய்தி தாமதமாகலாம், அதற்கு மட்டும் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' விலக்கு கொடுங்கள். கூகுள் பிளே சர்வீசஸில் கை வைக்காதீர்கள். பல செயலிகளின் அறிவிப்புகள் அதன் வழியாகத்தான் வருகின்றன.

பலர் கோட்டைவிடும் இடம் ஹாட்ஸ்பாட். இன்னொரு போனின் டேட்டாவை வாங்கும்போது உங்கள் போன் அதை வைஃபை என்று நம்பி, பிளே ஸ்டோர் அப்டேட்டையும் போட்டோஸ் பேக்கப்பையும் தொடங்கிவிடக்கூடும். அந்த வைஃபையின் அமைப்பில் 'மீட்டர்டு' (அளவோடு செலவிட வேண்டிய இணைப்பு) என்று மாற்றிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் மொபைல் டேட்டாவுக்கான தானியங்கி டவுன்லோடில் படம், ஆடியோ, வீடியோ, ஆவணம் நான்கையும் அணையுங்கள்.