சட்டம் கேளுங்கள்: கட்டணமில்லா வழக்கும் சட்டத்துள் உறைந்த இனபேதமும்

கேள்வி: ஐயா, நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயிலும் இறுதியாண்டு மாணவி. அமெரிக்காவில் 2020இல் ஜோர்ஜ் புளொய்ட் பொலிஸ் அதிகாரி ஒருவரின் முழங்காலின் கீழ் உயிரிழந்த பின்னர், 100க்கும் மேற்பட்ட சட்ட நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து, சட்டத்துக்குள்ளேயே ஊறிப்போன இனவாதத்தை அகற்றக் கட்டணம் வாங்காமல் உழைப்பதாக அறிவித்தன என்று வாசித்தேன். இனவாதம் மனிதரின் மனத்தில் இருப்பது அல்லவா? சட்டப் புத்தகத்தில் அது எங்கே இருக்கிறது? சட்டத்தரணிகள் தம் நேரத்தைக் கொடுப்பதால் அதை அகற்றிவிட முடியுமா?
— மாணவி, கொக்குவில்

பதில்: பிள்ளை, உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். சட்டத்தில் இனவாதம் எங்கே இருக்கிறது என்று அறியாமல் தொண்டுக்குப் புறப்படும் சட்டத்தரணி, எவ்வளவு நல்ல மனத்தோடு போனாலும், தவறான படலையைத் தட்டிக்கொண்டு நிற்பார்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1898இல் புதிய அரசியலமைப்பு ஒன்றை எழுத மாநாடு கூடியது. வெள்ளையரின் மேலாதிக்கத்தை நிலைநிறுத்துவதே நோக்கம் என்பதைக் கூடியவர்கள் மறைக்கவில்லை. கறுப்பின மக்களை ஜூரி சபையிலிருந்து அடியோடு விலக்கினால் மத்திய நீதிமன்றங்கள் குறுக்கிடும் என்பதால், அவர்களை உட்கார விட்டுவிட்டு, அவர்களின் குரல் எண்ணிக்கையில் சேராதபடி ஒரு விதி செய்தார்கள்: 12 ஜூரர்களில் 9 பேர் "குற்றவாளி" என்று சொன்னால் போதும். பின்னர் அந்த 9 என்பது 10 ஆயிற்று. அந்த விதியை எத்தனை முறை வாசித்தாலும் இனம் என்ற சொல் அதில் அகப்படாது. ஆனால் ஒருவரோ இருவரோ மட்டும் கறுப்பினத்தவராக இருக்கும் சபையில், அவர்கள் இருவரும் "இல்லை" என்று சொன்னாலும் ஒருவர் ஆயுள் முழுவதும் சிறைக்குப் போகலாம். எவாஞ்சலிஸ்தோ ராமோஸ் என்பவர் 10க்கு 2 என்ற கணக்கில் அவ்வாறுதான் ஆயுள் தண்டனை பெற்றார். அவருக்காக இலாப நோக்கற்ற சட்ட அமைப்பொன்றும், பல்கலைக்கழகச் சட்டப் பீடம் ஒன்றைச் சேர்ந்தவர்களும் உச்ச நீதிமன்றம் வரை வழக்கைக் கொண்டு சென்றார்கள். 2020 ஏப்ரலில் அந்த விதி அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பாயிற்று. இடையில் கழிந்தவை 122 ஆண்டுகள்.

நம்மிடமும் இத்தகைய விதிகள் உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. தந்தை இங்கே பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது, அவ்வளவே. பிறப்புப் பதிவு என்பதையே அறியாமல் லயன் அறைகளில் தலைமுறைகளைக் கழித்தவர்கள் அந்த ஒரு கேள்வியால் நாடற்றவர்களானார்கள். அக்காலத்தில் நமது இறுதி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவிக் கவுன்சிலும் 1953இல் அதில் பாரபட்சத்தைக் காணவில்லை.

மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். பொலிஸ் அதிகாரிக்குக் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு, எதிரான சாட்சியமாக எடுக்கலாகாது என்பது 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் இந்நாட்டவர் அனைவருக்கும் கொடுத்த பாதுகாப்பு. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவர் முன் கொடுத்த வாக்குமூலத்தை ஏற்கலாம் என்றது. அது பலாத்காரமாகப் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் சுமையையும் எதிரியின் தலையிலேயே வைத்தது. இங்கும் தமிழர் என்ற சொல் கிடையாது. நல்லரத்தினம் சிங்கராசா சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்ட, தம்மால் வாசிக்க முடியாத வாக்குமூலம் ஒன்றில் பெருவிரல் அடையாளம் இட்டார். அந்த ஒரு தாளைக் கொண்டு 1995இல் 50 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாகக் குறைந்தது. மனித உரிமைச் சட்டத்தரணிகள் அவருடைய முறைப்பாட்டை ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவுக்குக் கொண்டு போனார்கள். 2004இல் அக்குழு அவர் பக்கம் நியாயம் இருக்கக் கண்டது. 2006இல் நமது உயர் நீதிமன்றம் அந்த முடிவுக்கு இந்நாட்டில் வலு இல்லை என்று மனுவைத் தள்ளிவிட்டது. 2022இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோதும் 16ஆம் பிரிவை எவரும் தொடவில்லை.

இனி மூன்றாவது கேள்வி. 1963இல் ஜனாதிபதி கென்னடி 244 சட்டத்தரணிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, கறுப்பின மக்களின் சிவில் உரிமை வழக்குகளுக்குத் தனியார் சட்டத்துறை தோள் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். அதிலிருந்து பிறந்த சட்டத்தரணிகள் குழு இன்றும் இயங்குகிறது. ஆகவே தொண்டால் பயன் உண்டா என்ற ஐயம் எனக்கு இல்லை. நிலைத்து நிற்குமா என்பதே என் கவலை. 2025இல் அமெரிக்க ஜனாதிபதி சில பெரிய நிறுவனங்களுக்கு எதிராக ஆணைகள் பிறப்பித்தபோது, நீதிமன்றம் சென்று எதிர்த்து வென்ற நிறுவனங்களும் இருந்தன. வெள்ளை மாளிகையோடு இணங்கி, அதற்கு உகந்த பணிகளுக்குப் பல மில்லியன் டொலர் பெறுமதியான கட்டணமில்லாச் சேவையை ஒப்புக்கொண்ட நிறுவனங்களும் இருந்தன. அறிவிப்புகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாதது இதனாலேயே. ராமோஸ் தீர்ப்பு பழைய கைதிகளுக்குப் பொருந்தாது என்று 2021இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும், 2022இல் லூசியானா மாநில உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டன. அந்த 10க்கு 2 தீர்ப்புகளால் உள்ளே இருந்தவர்களுக்காக ஒவ்வொருவராக வழக்கேட்டைத் தேடி எடுத்து மனு எழுதிய தன்னார்வச் சட்டத்தரணிகளின் பெயர்கள் எந்த அறிவிப்பிலும் வருவதில்லை. நீங்கள் சத்தியப்பிரமாணம் செய்த பிறகு யாரைப் போல ஆக வேண்டும் என்று என்னைக் கேட்டால், அவர்களைக் காட்டுவேன்.

கேள்வி: எங்கள் காலத்தில் தமிழ்ச் சட்டத்தரணிகள் கறுப்பு அங்கியோடு இனத்துக்காகத் திரண்டு நின்றார்கள். இன்றோ கட்டணம் பேசி முடிக்காமல் கோப்பைத் திறப்பவர் அரிது. மிருசுவில் கொலை வழக்கின் முடிவைக் கண்ட பிறகு, நின்றுதான் என்ன பயன் என்றும் தோன்றுகிறது.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், சாவகச்சேரி

பதில்: ஆசிரியர் ஐயா, நீங்கள் நினைத்துக்கொண்டு எழுதியது 1976ஆம் ஆண்டின் 'ட்ரயல் அட் பார்' வழக்கு என்று எண்ணுகிறேன். குடியரசு தினத்தைப் புறக்கணிக்கும்படி துண்டுப்பிரசுரம் விநியோகித்ததற்காக அ. அமிர்தலிங்கம் முதலானோர் ஜூரி இல்லாமல் விசாரிக்கப்பட்டபோது, அரசியலில் நெடுங்காலம் எதிரெதிரே நின்ற எஸ். ஜே. வி. செல்வநாயகமும் ஜீ. ஜீ. பொன்னம்பலமும் ஒரே பக்கத்தில் எழுந்து நின்றார்கள். அவர்களோடு ஏறத்தாழ 70 தமிழ்ச் சட்டத்தரணிகள். அந்தக் காட்சியை நினைக்கும்போது இன்றும் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

ஆயினும் அதற்கு முன்னரே தொடங்கிய, கூட்டம் திரளாத வேறொரு வழக்கை நான் அதற்குச் சமமாக மதிக்கிறேன். செ. கோடீஸ்வரன் அரசாங்க எழுதுவினைஞர். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்ததால் 1962இல் அவருடைய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. ஒரு எழுதுவினைஞரின் சம்பள ஏற்றம் எவ்வளவு சிறிய தொகை என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சிறு தொகையைப் பிடித்துக்கொண்டு 1956ஆம் ஆண்டின் அரச கரும மொழிச் சட்டத்தையே கேள்விக்கு உட்படுத்தினார்கள். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெட்சர் அச்சட்டம், ஓர் இனத்துக்குப் பாரபட்சம் காட்டும் சட்டங்களைத் தடுத்த அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடியின் (அரசின்) மீது வழக்கிட முடியாது என்று அதைப் புரட்டியது. 1969இல் பிரிவிக் கவுன்சில், வழக்கிடலாம், மொழிச் சட்டம் செல்லுமா என்பதை இனி இலங்கை நீதிமன்றமே தீர்மானிக்கட்டும் என்று திருப்பி அனுப்பியது. அது தீர்மானிக்கப்படவே இல்லை. 1972இல் வந்த புதிய அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு இல்லாமற் போயிற்று. நீதிமன்றத்தில் இறுதியாகத் தோற்காத ஒரு வழக்கு அரசியலமைப்பு மாறியதால் அந்தரத்தில் நின்றது.

மிருசுவிலைப் பற்றி எழுதக் கை தயங்குகிறது; நீங்கள் அந்த மண்ணுக்கு அயலில் இருப்பவர். 2000 டிசம்பரில் தம் வீடு வளவைப் பார்க்கப் போன 8 பேர் கொல்லப்பட்டார்கள். தப்பி வந்த ஒருவரின் சாட்சியம் பலமாக இருந்ததால் 2015இல் இராணுவத்தினர் ஒருவர் குற்றவாளியாகக் காணப்பட்டு, உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி மன்னிப்பு வழங்கினார். நீங்கள் கேட்ட பயன் அங்கே முறிந்தது உண்மையே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த வழக்கை விசாரித்தது மூன்று நீதிபதிகள் கொண்ட மன்றம். மூதூர்ப் பக்கத்துக் குமாரபுரத்தில் 1996இல் 20க்கும் மேற்பட்ட தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்ட வழக்கோ திருகோணமலையிலிருந்து அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டு, சிங்கள மொழி ஜூரி சபையின் முன் போனது. 2016இல் எதிரிகள் அனைவரும் விடுதலையானார்கள். நமது சட்டத்தில் ஜூரர்களின் மொழியைத் தெரிவு செய்யும் உரிமை எதிரிக்கு உண்டு. கொல்லப்பட்டவரின் உறவினருக்கு இல்லை. ஜூரி 7 பேர். அவர்களில் 5 பேர் ஒன்றுபட்டால் தீர்ப்பு. கொக்குவில் மாணவிக்கு லூசியானாவைப் பற்றி எழுதியபோது என் மனம் குமாரபுரத்தில்தான் நின்றது. மிருசுவில் மன்னிப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்களுள் கொழும்பிலுள்ள மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையமும் இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். கட்டணத்தைப் பற்றிய உங்கள் குறையில் நியாயம் இருக்கிறது. அதை எங்கள் சங்கக் கூட்டங்களில் நானும் சொல்லி வருகிறேன்.

கேள்வி: என்ரை மகனைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்து மூன்று கிழமை ஆகிறது. சிங்களத்தில் ஒரு தாள் தந்து என்னிடம் கையெழுத்தும் வாங்கினார்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசு இல்லை. சும்மா வந்து பேசுபவர்கள் வழக்கைக் கவனமாகப் பார்ப்பார்களா ஐயா?
— ஒரு தாய், வட்டுக்கோட்டைப் பக்கம்

பதில்: அம்மா, இந்தப் பத்தி அச்சாகும் வரை காத்திருக்கக் கூடாது என்பதால் உங்களுக்குத் தனியே கடிதம் அனுப்பியிருக்கிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கும் சுருக்கமாக எழுதுகிறேன்.

அடிப்படை உரிமை மீறப்பட்டால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனு இட வேண்டும். அந்த நீதிமன்றம் இருப்பது கொழும்புப் புதுக்கடையில். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தாய் ஆள் பிடித்து, ஆவணம் சேர்த்து, மொழிபெயர்த்து, ஒரு மாதத்துக்குள் அங்கே போவது எவ்வளவு கடினம் என்பதை அந்த விதியை எழுதியவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முறைப்பாடு செய்தால், அவர்களின் விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தில் இது இருக்கிறது. உங்களுக்கு இன்னும் ஒரு கிழமை உண்டு. மகன் பிடிபட்ட திகதி, நேரம், இடம், பார்த்தவர்கள் ஆகியவற்றை உங்கள் வாயாலேயே தமிழில் சொல்லி எழுதுவியுங்கள். முறைப்பாட்டின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். விளங்காத மொழியில் உள்ள எதிலும் இனிக் கையெழுத்து வைக்காதீர்கள். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மகனைச் சட்டத்தரணி சென்று பார்க்கலாம். உங்களுக்கும் அவரோடு தொடர்பு கொள்ள உரிமை உண்டு.

சும்மா பேசுபவர்கள் கவனிப்பார்களா என்று கேட்டீர்கள். நான் இளையவனாக இருந்தபோது, கட்டணம் வாங்காத ஒரு வழக்கில் தவணை ஒன்றுக்கு ஆயத்தமில்லாமல் போய்விட்டேன். அந்தப் பையன் மேலும் பல கிழமைகள் விளக்கமறியலில் இருந்தான். அவனுடைய தாய் என்னை ஏசவில்லை, நன்றிதான் சொன்னார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த நன்றி என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. ஆகவே அம்மா, இலவசமாக வருகிறார் என்பதற்காகக் கேள்வி கேட்கக் கூச வேண்டாம். அடுத்த தவணை எப்போது, என்ன மனு போட்டீர்கள், பிரதி எங்கே என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். வசதியற்றவர்களுக்குச் சட்ட உதவி தரும் சட்ட உதவி ஆணைக்குழு 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்தது. அது உங்கள் உரிமை, எவரும் போடும் பிச்சை அல்ல.

கேள்வி: சட்டத்தில் இனபேதம் என்று நாம் தெற்கைக் குற்றம் சொல்கிறோம். நம் ஊரில் சாதியின் பெயரால் நடப்பதற்கு எந்தச் சட்டத்தரணி தொண்டு செய்தார்?
— பெயர் வேண்டாம், வடமராட்சி

பதில்: தம்பி, கேட்க வேண்டிய கேள்வி. சாதியைக் காட்டிப் பொது இடங்களில் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இல் வந்தது. ஆயினும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மக்கள் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியிருந்தது. அந்த வாசலை மறித்து நின்றவர்களின் முன்னே நின்றவர், அரசியலில் பெரும் புகழ் பெற்ற ஒரு கல்விமான். கடை, உணவகம், தம் சமயத்துக்குரிய வழிபாட்டிடம் ஆகியவற்றுள் சாதி காரணமாக எவரையும் தடுக்கலாகாது என்று இன்றைய அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆனால் 126ஆம் உறுப்புரையின் மனு அரசின் செயலுக்கு எதிரானது. தனியார் மறித்தால் 1957ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் பொலிஸில் முறையிட வேண்டும்.

வாசற்படியைவிடக் காணியில்தான் பேதம் ஆழமாக இருக்கிறது. வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, மற்றவர்கள் வெளியேறிய பிறகும் நலன்புரி முகாம்களில் தங்கிப்போனவர்களில் பெரும்பாலோர் காணியில்லாத ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்கள். வீட்டுத்திட்டத்துக்குக் காணி உறுதி கொண்டு வாருங்கள் என்பது எல்லோருக்கும் பொதுவான விதியாகவே ஒலிக்கும். தலைமுறை தலைமுறையாகப் பிறர் வளவில் குடியிருக்க மட்டும் விடப்பட்டவரிடம் உறுதி எங்கிருந்து வரும்? உரிமையாளரின் அனுமதியோடு குடியிருந்தவருக்கு காணியை 10 ஆண்டு தொடர்ந்து ஆண்டு அனுபவித்ததைக் காட்டி உரிமை கோரும் வழியும் பொதுவாக அடைபட்டிருக்கிறது. பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களிடம் கேட்ட கேள்வியும் இதுவும் ஒரே வகையானவை.

உங்கள் கேள்விக்கு நேர்மையான விடை, மிகச் சிலர் என்பதே. நானும் அச்சிலரில் ஒருவனாக இருந்ததில்லை. உங்கள் ஊரில் அவ்வாறான குடும்பங்கள் இருந்தால், வாக்காளர் இடாப்பில் பெயர் வந்த ஆண்டுகள், பழைய கூப்பன் புத்தகம், பிள்ளைகளின் பாடசாலை அனுமதிப் பதிவு, கிராம அலுவலரின் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு இந்தச் சஞ்சிகையின் முகவரிக்கு எழுதுங்கள். அரச காணிக்கான அனுமதிப்பத்திர விண்ணப்பத்தை அவற்றிலிருந்து தொடங்கலாம். முதல் 10 குடும்பங்களின் விண்ணப்பங்களை நானே எழுதித் தருகிறேன். கொக்குவில் மாணவி விரும்பினால் அவரும் வந்து என்னோடு மேசையில் இருக்கலாம்.