யுஎஸ்பி வைஃபை அடாப்டர் பெரிய டவுன்லோடு ஓடும்போது மட்டும் கட் ஆவது ஏன்? சரிசெய்வது எப்படி?

கேட்டவர் சொன்னது இது: டெஸ்க்டாப்பில் யுஎஸ்பி வைஃபை அடாப்டர். பிரவுசிங், யூடியூப் எல்லாம் நன்றாக ஓடுகிறது. எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கில் கேம் டவுன்லோடு போட்டால் மட்டும் கொஞ்ச நேரத்தில் கட் ஆகிறது. சில சமயம் தானாகத் திரும்ப வருகிறது, சில சமயம் அடாப்டரைப் பிடுங்கிச் செருகினால்தான் வருகிறது. டிரைவரை மாற்றிப் பார்த்தும் பலனில்லை. புது அடாப்டர் வாங்க வேண்டுமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். கட் ஆவது வைஃபை தொடர்பா, யுஎஸ்பி தொடர்பா என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் வைத்தியம் வேறு.

டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்கள் இருக்கும் பகுதியை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் கமாண்ட் பிராம்ப்டில் ரவுட்டரின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) நிற்காமல் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) ஓடட்டும். கூகுளுக்குப் பிங் போட்டால், போனது இணையமா வைஃபையா என்று தெரியாது. இப்போது டவுன்லோடைத் தொடங்குங்கள். கட் ஆகும் நொடியில் அடாப்டரின் பெயரே பட்டியலிலிருந்து மறைந்தாலோ, பென் டிரைவைக் கழற்றும்போது வரும் சத்தம் கேட்டாலோ, மஞ்சள் குறியோடு கோட் 43 என்ற பிழை வந்தாலோ, கோளாறு யுஎஸ்பி பக்கம். பெயர் அப்படியே இருந்து, பிங் மட்டும் டைம் அவுட் ஆகிறதா? அது ரேடியோ பக்கம், அதாவது வைஃபை சிக்னல் தொடர்பானது. லினக்ஸ்காரர்கள் கர்னல் லாக்கை (லினக்ஸின் மையப் பகுதி எழுதும் பதிவை) ஓடவிட்டால் போதும், யுஎஸ்பி டிஸ்கனெக்ட் என்ற வரி வருகிறதா இல்லையா என்பதிலேயே விஷயம் தெரிந்துவிடும். அதே நேரத்தில் உங்கள் ஃபோனிலும் வைஃபை போகிறதென்றால் அடாப்டரை விட்டுவிட்டு ரவுட்டரைப் பாருங்கள்.

யுஎஸ்பி பக்கம் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது மின்சாரம். யுஎஸ்பி 2.0 போர்ட் ஒரு சாதனத்துக்கு 500 மில்லிஆம்பியர் வரை தரும், 3.0 போர்ட் 900 வரை. அடாப்டர் சும்மா இருக்கும்போது இதில் சிறு பங்குதான் தேவைப்படும். சிக்னலை அனுப்பும் நேரத்தில்தான் அதிகம் இழுக்கும். சிபியு பெட்டியின் முன்பக்க போர்ட்டுக்கு மதர்போர்டிலிருந்து உள்ளே ஒரு மெல்லிய வயர் போகிறது, மலிவான பெட்டிகளில் அந்த வயர் சுமாராகத்தான் இருக்கும். தனி மின்சாரம் இல்லாத ஹப்பில் செருகியிருந்தால் இன்னும் மோசம். கீபோர்டு, மவுஸ், ஹார்டு டிஸ்க் எல்லாம் ஒரே போர்ட்டின் மின்சாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஆகவே பின்பக்கம், மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் நேராகச் செருகிப் பாருங்கள். எனக்குத் தெரிந்து நிறையப் பேருக்கு இந்த இடத்திலேயே தொல்லை தீர்ந்திருக்கிறது.

அடுத்தது சூடு. நகம் அளவே இருக்கும் நானோ அடாப்டர்களில் சூடு வெளியேற இடமே கிடையாது. டவுன்லோடு தொடங்கியதும் கட் ஆனால் மின்சாரத்தின் மேல் சந்தேகப்படலாம். கால் மணி நேரம் ஒழுங்காக ஓடி அப்புறம் கட் ஆகிறது, உடனே செருகினால் மறுபடி சீக்கிரமே போய்விடுகிறது, ஆறவிட்டுச் செருகினால் தாங்குகிறது என்றால் சூடுதான். கேம் இறக்கும் ஸ்டீம் ஆப்பில் டவுன்லோடு வேகத்துக்கு வரம்பு வைக்கலாம். பாதியாகக் குறைத்துவிட்டு மீண்டும் பாருங்கள்.

ரேடியோ பக்கம் என்றால், உங்கள் விஷயத்தில் எனக்கு உறுத்துவது அந்த எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க். யுஎஸ்பி 3.0 தரவு வினாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் ரேடியோ இரைச்சலைக் கிளப்புகிறது. இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து ஒரு அறிக்கை வெளியிட்டது. டிஸ்க் சும்மா கிடக்கும்போது இரைச்சல் குறைவு. கேம் இறங்கி டிஸ்கில் எழுத எழுத, பக்கத்துப் போர்ட்டில் இருக்கும் அடாப்டருக்கு ரவுட்டரின் குரல் காதில் விழாது. பார்ப்பவருக்கு "அதிகம் பயன்படுத்தினால் கட் ஆகிறது" என்று தோன்றும், உண்மையில் தொல்லை கொடுப்பது டிஸ்க். சோதிப்பது சுலபம்: டிஸ்கைக் கழற்றிவிட்டு, அதே கேமை உள் டிஸ்கில் இறக்கிப் பாருங்கள். கட் ஆகவில்லையென்றால் ஆள் அகப்பட்டுக்கொண்டான்.

இதற்கு ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் போதும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். சிபியு மேசைக்கடியில், அடாப்டர் மட்டும் மேசை மேல். இரைச்சலிலிருந்து தள்ளிப் போகிறது, பெட்டியின் இரும்புத் தகடும் சிக்னலை மறைக்காது, காற்றோட்டமும் கிடைக்கிறது. நீளமான மெல்லிய கேபிள் மட்டும் வேண்டாம், வோல்டேஜ் இறங்கிப் போய் மின்சாரப் பிரச்சினை திரும்ப வந்துவிடும். அடாப்டரும் ரவுட்டரும் இரண்டு அலைவரிசை ரகமாக இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவிடுங்கள், இந்த இரைச்சல் அங்கே பெரிதாகத் தொடாது. 2.4இலேயே இருக்க வேண்டுமென்றால் ரவுட்டரில் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக்கி, 1, 6, 11 இவற்றில் கூட்டம் குறைந்ததைப் போடுங்கள்.

எல்லோரும் முதலில் சொல்லும் அறிவுரை "பவர் மேனேஜ்மென்ட்டில் டிக்கை எடுங்கள்" என்பது. எடுங்கள், ஒரு நிமிட வேலைதான். ஆனால் அந்த வசதி சும்மா இருக்கும் சாதனத்தைத் தூங்க வைப்பதற்கானது. முழு வேகத்தில் ஓடும்போது கட் ஆகும் அடாப்டருக்கு அது காரணமாக இருப்பது அபூர்வம். டிரைவர் விஷயத்திலும் எனக்கு அதே எண்ணம்தான். சிப்பின் பெயரைப் பார்த்துச் சரியான டிரைவரை ஒரு முறை போட்டால் போதும், திரும்பத் திரும்ப அழித்துப் போடுவதில் பயனில்லை. லினக்ஸ் மட்டும் விதிவிலக்கு. ரியல்டெக்கின் 8821, 8822 வகை யுஎஸ்பி சிப்கள் பலவற்றுக்கு 6.2 கர்னலில்தான் உள்ளேயே ஆதரவு வந்தது. பழைய கர்னலில் யாரோ எழுதிய வெளி டிரைவரோடு போராடுவதைவிட கர்னலைப் புதுப்பிப்பது நல்லது.

இத்தனைக்கும் அசையவில்லையென்றால் அடாப்டரை வேறொரு லேப்டாப்பில் செருகி அதே கேமை இறக்குங்கள். அங்கேயும் போனால் வாரண்டியில் மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் உங்கள் மதர்போர்டோடுதான் ஒத்துப்போகவில்லை, அப்போது இன்னொரு யுஎஸ்பி அடாப்டருக்குக் காசு போடாமல், பெட்டிக்குள் செருகும் பிசிஐஇ வைஃபை கார்டு வாங்குங்கள். ரவுட்டர் அதே அறையில் இருந்தால் அதுவும் வேண்டாம், ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள்.