கயாக், தூண்டில், பில்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவர்களிடமிருந்தும், போட ஆசைப்படுகிறவர்களிடமிருந்தும் வந்தவை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஒகேனக்கல்லில் அருவிக்கு மேலே ஆற்றில் கயாக் விட்டு மீன்பிடிக்க ஆசை. எந்த மாடல் தாங்கும்? (பென்னாகரம்)

எதுவும் தாங்காது. போகாதீர்கள். பாறைகளுக்கு நடுவே ஆறு பல கிளையாகப் பிரிந்து இழுக்கிற இடம் அது. அந்தத் தண்ணீரிலேயே பிழைக்கிற பரிசல்காரர்கள்கூட, நீர்வரத்து கூடினால் பரிசலைக் கரையேற்றிவிடுகிறார்கள். ஆற்றில் முதலையும் உண்டு. அதோடு, தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டங்களிலும் காவிரியை ஒட்டிய காட்டில் பெரும்பகுதி வனவிலங்கு சரணாலயம். காவிரி வடக்கு சரணாலயத்தை 2014-லும் தெற்கு சரணாலயத்தை 2022-லும் அறிவித்தார்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே தூண்டிலோடு நின்றால் வழக்குதான்.

கேள்வி: காற்றடிக்கும் கயாக் ஆன்லைனில் 9,500 ரூபாய். இரண்டு பேர் உட்காரலாம் என்று போட்டிருக்கிறது. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக்கும் ஊர் ஏரிக்கும் போதுமா? (காவேரிப்பட்டினம்)

நம் ஏரிக்கரைகளில் சீமைக்கருவேல முள் எங்கே கிடக்கும் என்று சொல்ல முடியாது. வெறும் பிளாஸ்டிக் தாளில் செய்த கயாக் என்றால், கரையிலிருந்து தண்ணீருக்கு இழுக்கிற இழுப்பிலேயே காற்று போய்விடும். இது போதாதென்று கையில் தூண்டில் முள் வேறு.

வாங்கத்தான் வேண்டும் என்றால் மூன்று விஷயம் பாருங்கள். காற்று அறைகள் தனித்தனியாகக் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். ஒன்று போனாலும் மற்றவை கரை சேர்க்கும். வெளியே கெட்டித் துணி உறை இருக்க வேண்டும். ஒட்டுப்போடும் சாமான் பெட்டியிலேயே வர வேண்டும். 'இரண்டு பேர்' என்பது கையை வீசிக்கொண்டு உட்காரும் இரண்டு பேர். தூண்டில், அதன் நரம்பைச் சுற்றும் ரீல், மீன் பெட்டியோடு போனால் ஒருவருக்குத்தான் இடம்.

இன்னொன்று, காலையில் விறைப்பாகக் காற்றடித்துவிட்டு உச்சி வெயிலில் கரையில் போட்டு வைக்காதீர்கள். உள்ளே காற்று சூடேறி விரிந்து ஒட்டு பிரிந்துவிடும். கரையேற்றியதும் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள்.

வைக்க இடம் இருந்தால் கெட்டி பாலிஎத்திலீன் கயாக்குக்குப் பணம் சேர்த்து வைத்து வாங்குவதே நல்லது.

கேள்வி: 17 பேரிங் உள்ள ரீல் 850 ரூபாய். 4 பேரிங் உள்ளது 2,800 ரூபாய். முதலாவது லாபம்தானே? (ஓசூர்)

இல்லை. பேரிங் எண்ணிக்கையை வைத்துத் தரம் சொல்ல முடியாது. கைப்பிடியில் ஆட்டம் இருக்கிறதா, நரம்பின் பிடியைக் கூட்டிக் குறைக்கும் டிராக்கை இறுக்கிவிட்டு நரம்பை இழுத்தால் திக்காமல் சீராக வருகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

கேள்வி: ஒரு கடையில் லைஃப் ஜாக்கெட் 450 ரூபாய்க்குக் கிடைக்கிறது. கம்பெனிப் பெயர், லேபிள் எதுவும் இல்லை. எனக்கு நீச்சல் தெரியும். எனக்கும் எட்டு வயது மகனுக்கும் ஒரே அளவில் இரண்டு வாங்கினால் போதும்தானே? (பாலக்கோடு)

போதாது. இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் ஆறுவதே இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அப்படிப்பட்ட ஜாக்கெட் ஒன்றை நானும் வாங்கியிருக்கிறேன், பெங்களூரில் ஒரு சந்தையில். ஆரஞ்சு நிறம், தோளில் பளபளக்கும் பட்டை, நெஞ்சில் மூன்று கிளிப். பார்வைக்கு ஒரு குறை சொல்ல முடியாது. ஏரியில் நன்றாக நனைந்த பிறகு தூக்கினால் ஈரச் சாக்கு மாதிரி கனத்தது. வீட்டுக்கு வந்து பிளேடால் தையலைப் பிரித்தேன். உள்ளே மெத்தைக் கடையில் கழித்துப் போடும் ஸ்பாஞ்சுத் துண்டுகள், மஞ்சளும் பச்சையுமாக. நடுவில் இரண்டு தெர்மாகோல் கீற்று, அதிலும் ஒன்று உடைந்திருந்தது. ஸ்பாஞ்சைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டியது. ஆளை மிதக்க வைக்க வேண்டிய பொருள் தண்ணீரைக் குடித்துக் கனத்துப் போயிருந்தது. இதைத் தைத்தவருக்கும் விற்றவருக்கும் உள்ளே இருப்பது என்னவென்று தெரியும். வாங்குகிறவருக்கு மட்டும்தான் தெரியாது.

நல்ல ஜாக்கெட்டின் உள்பக்கம் லேபிள் இருக்கும். அதில் நியூட்டன் கணக்கில் ஓர் எண் இருக்கும். 10 நியூட்டன் என்றால் சுமார் ஒரு கிலோவைத் தூக்கி நிறுத்தும் விசை. ஐஎஸ்ஓ 12402-5 என்று போட்டிருப்பது 50 நியூட்டன் வகை. நீச்சல் தெரிந்தவருக்கு, கரைக்குப் பக்கத்தில், துணைக்கு ஆள் இருக்கிற இடத்தில் அது போதும். ஆனால் மயங்கிவிட்டால் முகத்தை மேலே திருப்பிவிடாது. 12402-4 என்பது 100 நியூட்டன்; உங்கள் மகனுக்கு அந்த வகையில் குழந்தை அளவு வேண்டும். 12402-3 என்பது 150 நியூட்டன், கடலுக்கானது. குழந்தை ஜாக்கெட்டை வயது பார்த்து வாங்கக் கூடாது, எடை பார்த்து வாங்க வேண்டும். பெரியவர் அளவைப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் ஜாக்கெட் மேலே வந்துவிடும், பிள்ளை கீழே நழுவிவிடும். தொடைக்கு நடுவே வருகிற பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டி இறுக்கிவிட்டுத் தோள் பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். காது வரை ஏறினால் அந்த அளவு வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் சோதித்துப் பாருங்கள். பெரியவர் ஜாக்கெட்டில் நான்கு கிலோ எடைக்கல்லைக் கட்டித் தண்ணீர்த் தொட்டியில் இரவு முழுக்கப் போட்டு வையுங்கள். காலையிலும் மிதந்துகொண்டிருக்க வேண்டும். மூழ்கியிருந்தால் வேறு யாருக்கும் கொடுத்துவிடாமல் வெட்டிப் போடுங்கள்.

நீச்சல் தெரியும் என்கிறீர்கள். நம் பக்கம் பலருக்கும் கிணற்றில் குதித்துப் பழகிய நீச்சல் நன்றாகவே வரும். கயாக் கவிழும்போது நிலைமை வேறு. காலில் செருப்பு, சட்டைப் பையில் போன், கழுத்தைச் சுற்றி நரம்பு, எங்கே இருக்கிறதென்று தெரியாத முள். துடுப்பு தலையில் அடித்தால் நீச்சல் உதவாது. ஜாக்கெட்டை சீட்டுக்குப் பின்னால் கட்டி வைப்பதும் வீண், மாட்டியிருக்க வேண்டும். தண்ணீர் பட்டால் தானே ஊதும் வகையையும் கயாக்குக்கு வாங்காதீர்கள். துடுப்புத் தண்ணீர் தெறித்தே ஊதிக்கொள்ளும்.

பாக்கெட்டில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. இல்லாமல் விற்பதே சட்டப்படி தவறு. எடையளவுச் சட்டத்தைத் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறைதான் பார்க்கிறது. மாவட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: 120 கிலோ தாங்கும் என்று சொல்லி விற்ற கயாக்கில் உட்கார்ந்தால் தண்ணீர் உள்ளே வருகிறது. அடியில் ஓட்டைகளே இருக்கின்றன. என் எடை 98 கிலோ. வழக்குப் போடலாமா? (பர்கூர்)

போட்டால் நிற்காது. அந்த ஓட்டைகள் மேலே விழும் தண்ணீர் வடிவதற்காக வைத்தவை. எடை கூடி கயாக் தாழ்ந்தால் அதே ஓட்டை வழியாகத் தண்ணீர் மேலே வரும். அட்டையில் போட்டிருக்கும் எடையில் ஏறக்குறைய 70 சதவீதம் வரைதான் வசதியாக ஏற்றலாம். உங்கள் கயாக்குக்கு அது 84 கிலோ. உங்கள் எடையோடு ஐஸ் பெட்டியையும் சாமானையும் கூட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? எடை குறைந்த ஒருவருக்கு விற்றுவிடுங்கள், குறையைச் சொல்லியே விற்றுவிடுங்கள்.

கேள்வி: 12 அடி கயாக் வந்து இறங்கிவிட்டது. வீடு இரண்டாம் மாடி, கார் சின்னது. என்ன செய்யலாம்? (ஓசூர்)

அளந்த பிறகு பணம் கட்டியிருக்க வேண்டும். திருப்பி அனுப்பும் கெடு எப்போது முடிகிறது என்று இன்றே பாருங்கள்.

கேள்வி: பாரூர் ஏரிப் பக்கம் கயாக்கில் போய் விரால் பிடிக்க என்னென்ன வாங்க வேண்டும்? நங்கூரக் கழி 6,000 ரூபாய் சொல்கிறார்கள். (போச்சம்பள்ளி)

முதலில் ஏரியின் மீன் குத்தகை யாரிடம் என்று விசாரித்து அனுமதி வாங்குங்கள். அது இல்லாமல் மற்றது எல்லாம் வீண் செலவு.

கழிக்கு 6,000 கொடுக்காதீர்கள். ஏரி அடி சேறு. ஏழெட்டு அடி மூங்கிலைக் கூர் சீவி ஊன்றி, கயிற்றில் கயாக்கைக் கட்டினால் அசையாது. ஓடுகிற தண்ணீரில் மட்டும் பக்கவாட்டில் கட்டாதீர்கள், புரட்டிவிடும். முனையில்தான் கட்ட வேண்டும், கயிற்றை அறுக்கக் கைக்கெட்டும் இடத்தில் கத்தி வேண்டும்.

ஆறரை, ஏழு அடி ராடு (தூண்டில் கோல்), 30 அல்லது 40 பவுண்டு ப்ரெய்டு (இழைகளைப் பின்னிய நரம்பு), ரப்பர் தவளை இரண்டு. செலவு அவ்வளவுதான். ப்ரெய்டை வெறும் ஸ்பூலில் சுற்றினால் வழுக்கும். முதலில் கொஞ்சம் சாதா நரம்பைச் சுற்றிவிட்டு அதன்மேல் சுற்றுங்கள். ஆகாயத்தாமரை ஓரமாகக் காற்று தள்ளுகிற போக்கில் போய், தவளையை இலை மேல் போட்டு இழுத்து, நிறுத்தி, இழுங்கள். தண்ணீர் வெடித்த சத்தம் கேட்டதும் சுண்டிவிடாதீர்கள். விரால் தவளையோடு உள்ளே போகட்டும், நரம்பு இறுகட்டும், அப்புறம் சுண்டுங்கள். சிவப்பாகக் கொத்துக் கொத்தாகக் குஞ்சுகள் மேலே வந்து மூச்சு வாங்கிப் போகும் இடத்தில் தாய் தகப்பன் காவல் இருக்கும். அதைப் பிடித்தால் குஞ்சு அத்தனையும் மற்ற மீனுக்கு இரை. அங்கே தூண்டில் போடாதீர்கள்.

கேள்வி: ஜூலைக் கடைசியில் புதுச்சேரி போய்க் கடலில் கயாக் விடத் திட்டம். அணையில் பயன்படுத்தும் ராடும் ரீலும் போதுமா? (கிருஷ்ணகிரி)

சாமான் போதும், மாதம்தான் சரியில்லை. ஆடிக் காற்று நம் கிழக்குக் கரையில் நிலத்திலிருந்து கடலுக்குத் தள்ளும். போகும்போது சுகமாக இருக்கும், திரும்பும்போது துடுப்பு போட்டுத் தீராது. காற்று அடங்கிய பருவத்தில், விடியற்காலையில், உள்ளூர் மீனவர்களிடம் சொல்லிவிட்டு, இரண்டு கயாக்காகப் போங்கள். முதல் தடவை என்றால் கழிமுகத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஏறுகிற ஓதத்தில் கொடுவா அங்கேயே கிடைக்கும். கொடுவாயின் செவுள் மூடி நரம்பை அறுக்கும், முனையில் 40 பவுண்டு தடித்த நரம்பு கட்டுங்கள். சீலா கடிக்கிற இடத்தில் கம்பிதான் வேண்டும். துடுப்பைக் கயாக்கோடு கயிற்றால் இணைத்துவிடுங்கள்.

வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள். பைப்பை அழுத்திப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போய்விடும். 'உப்புத் தண்ணீருக்கு ஏற்றது' என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்ட ரீல் ஒன்றை நான் வாங்கி, ஒவ்வொரு முறையும் கழுவித்தான் வைத்தேன். ஒரே கோடையில் இறுகிப்போனது. திறந்தால் உள்ளே சாதா இரும்பு பேரிங், துரு பொடியாகக் கொட்டியது. ஸ்டெயின்லெஸ் பேரிங் என்று எழுத்தில் இருந்தால் மட்டும் நம்புங்கள்.

கேள்வி: சமூக வலைத்தளத்தில் பழைய கயாக் விற்பனைக்கு என்று படம் பார்த்து 18,000 ரூபாய் யுபிஐ-யில் அனுப்பினேன். இப்போது போன் அணைந்திருக்கிறது. வீட்டில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. (ஊத்தங்கரை)

கூச்சப்பட வேண்டியவர் ஏமாற்றியவர், நீங்கள் இல்லை. இதே படத்தை வைத்து இன்னும் எத்தனை பேரிடம் வாங்கியிருப்பாரோ. உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறும் முன் நிறுத்தி வைக்க முடியும் என்பதால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். வங்கியிலும் சொல்லுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகார் பதிந்து அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அவரோடு பேசிய உரையாடல், விளம்பரப் படம், பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கோபத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள். 'மீதிப் பணம் கட்டினால் அனுப்புகிறேன்' என்று அவரே மறுபடி கூப்பிடலாம். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வீட்டிலும் சொல்லிவிடுங்கள், அலைய ஒரு துணை வேண்டும்.

கேள்வி: உள்ளூர்க் கடையில் வாங்கிய ரீலின் கைப்பிடி நான்காம் நாளே கழன்றது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார் கடைக்காரர். (தருமபுரி)

அந்த வரியைக் கண்டு பின்வாங்காதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். பில் கொடுக்காமல் இருப்பதும் அப்படித்தான். நீங்கள் பில் வாங்கி வைத்தது நல்லதாயிற்று.

ரீலைப் படமெடுத்து, நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில் கடைக்கு அனுப்புங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தருமபுரியிலேயே இருக்கிறது, இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் கைப்பிடியை நீங்களே பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். கழன்றது கழன்றபடியே ஆணையத்தின் மேசைக்குப் போக வேண்டும்.