வார இதழ் அட்டை என்றாலே நடிகை படம்தானா?

"தமிழ் வார இதழ்களின் அட்டை எப்போதுமே இப்படித்தானா? ஓவியங்கள் ஏன் காணாமல் போயின?" என்பது கேள்வி. ஆசிரியர்களின் ரசனையைவிட அச்சகமும் பெட்டிக்கடைக் கயிறும்தான் இதை முடிவு செய்தன என்பது என் எண்ணம்.

ஆனந்த விகடன் 1926-இல் தொடங்கி, 1928-இல் வாசன் கைக்கு வந்தது. கல்கி 1941, குமுதம் 1947. அப்போது ஒரு படத்தை அச்சிட வேண்டுமென்றால் அதை உலோகத் தகட்டில் பொறித்து பிளாக் செய்ய வேண்டும். மட்டமான தாளில் புகைப்பட பிளாக் பெரும்பாலும் மை அப்பிய மாதிரிதான் விழும். கோட்டோவியம் பிசிறில்லாமல் வரும். ஆக, ஓவியர் இல்லாமல் பத்திரிகை இல்லை. மாலி, கோபுலு, சில்பி, மணியம் ஆகியோர் வீடுதோறும் தெரிந்த பெயர்கள் ஆனதற்கு அவர்களுடைய திறமையோடு இதுவும் ஒரு காரணம்.

விகடன் வெகுகாலம் அட்டையில் ஒரு ஜோக்கைப் படத்தோடு போட்டு வந்தது. சும்மா சிரிப்பு என்று நினைக்காதீர்கள். 1987-இல் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கிண்டலடித்த ஒரு அட்டை ஜோக்குக்காகச் சட்டமன்றம் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. எதிர்ப்பு கிளம்ப, சில நாட்களிலேயே வெளியே விட்டார்கள். அவர் வழக்குப் போட்டு ஜெயித்தார். கிடைத்த இழப்பீடு 1000 ரூபாய்! சோவின் துக்ளக் பத்திரிகையும் அதே வழிதான்: 1970-இல் வந்த முதல் இதழின் அட்டையிலேயே இரண்டு கழுதைகள் பேசிக்கொண்டிருந்தன.

அப்புறம் பிளாக் தேவைப்படாத ஆப்செட் அச்சுமுறை வந்தது. வண்ணப் புகைப்படம் பளிச்சென்று விழ ஆரம்பித்ததும், ஓவியர் வரைந்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டிய தேவை போய்விட்டது. மாருதி வரைந்த பெண் முகங்கள் இருந்த இடத்துக்கு நடிகைகள் வந்தார்கள்.

கயிறு சமாச்சாரம் இதுதான். பெட்டிக்கடையில் இதழ்களைக் கயிற்றில் வரிசையாகக் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார்கள். ஒன்றின் மேல் ஒன்று விழுந்து மறைப்பதால் ஓரமும் மேல்பகுதியும்தான் கண்ணில் படும். பேர் மேலே கொட்டை எழுத்தில் இருப்பதும், நம்மைப் பார்க்கிற முகம் அதை ஒட்டி இருப்பதும் அதனால்தான். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவருக்கு முகம் சட்டென்று பிடிபடும். அழகான நிலக்காட்சி பிடிபடாது.

கயிற்றில் தொங்காத பத்திரிகைகளுக்கு இந்தக் கவலை இல்லை. சந்தாவில் ஓடிய சிறுபத்திரிகைகளுக்கு ஆதிமூலம் போன்ற நவீன ஓவியர்கள் வரைந்தார்கள். கையில் காசு இல்லாத இடத்தில்தான் துணிச்சலான அட்டைகள் வந்தன என்பது எனக்கு இன்னும் வேடிக்கையாக இருக்கிறது.

பழைய அட்டைகளைத் தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பாட்டி தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தார். மூன்று தடிமனான புத்தகங்கள், ஒரு அத்தியாயம்கூட விட்டுப்போகவில்லை. அட்டை மட்டும் ஒன்றுகூடக் கிடையாது. கேட்டதற்கு, "அதுல கதை இல்லையேடா" என்றார்.