பைக் என்ஜின் பொருத்திய பழைய மினி காரை அன்றாடம் ஓட்ட முடியுமா?

பிரிட்டனில் சிலர் பழைய மினி கார்களில் யமஹா ஆர்1 பைக்கின் என்ஜினைப் பொருத்துகிறார்கள். அதில் தினமும் வேலைக்குப் போக முடியுமா என்றால், முடியும். ஆனால் விரைவில் அலுத்துவிடும் என்பதே என் கருத்து.

1998-இல் வந்த 998 சிசி ஆர்1 என்ஜின் சுமார் 150 குதிரைத்திறன் தந்தாலும், அதன் உச்ச முறுக்குவிசை (சக்கரத்தைச் சுழற்றும் விசை) நிமிடத்துக்கு 8,500 சுற்றுகளில்தான் கிடைக்கிறது; அதனால் காரை நகர்த்தவே என்ஜினை அதிகச் சுற்றில் ஓட்ட வேண்டியிருக்கும். இருநூறு கிலோவுக்கும் குறைவான பைக்குக்காக வடிவமைத்த, எண்ணெயில் நனைந்தபடி இயங்கும் கிளட்ச், அறுநூறு கிலோவைத் தாண்டிய காரை நெரிசலில் மீண்டும் மீண்டும் நகர்த்தும்போது சூடேறி விரைவில் தேய்கிறது. பைக் கியர்பாக்ஸில் ரிவர்ஸ் கிடையாது என்பதால் தனி மின்மோட்டாரோ, ரிவர்ஸ் பெட்டியோ வேண்டும். வாகன நிறுத்துமிடத்தில்தான் இதன் அருமை தெரியும்.

பலரும் மறப்பது எண்ணெயை. பைக் வளைவில் சாய்வதால் எண்ணெய் அடியிலேயே தங்கும்; கார் சாயாததால் அது ஒருபக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்ச, பேரிங்குகள் பழுதாகும். தடுப்புத் தகடுள்ள எண்ணெய்த் தொட்டி கட்டாயம்.

உடற்கூட்டை வெட்டினால் மறுபதிவுச் சிக்கலும் வரலாம். அன்றாட ஓட்டத்துக்கு ஹோண்டாவின் விடெக் (வால்வு திறப்பை வேகத்துக்கேற்ப மாற்றும்) கார் என்ஜினைப் பொருத்துவதையே நான் பரிந்துரைப்பேன்.