தோட்டப்புற ஊரில் அப்பா நடத்தும் வரிக்கணக்கு அலுவலகத்தை இனி எடுத்து நடத்தலாமா?

கேட்டவர், மென்பொருளே எல்லாவற்றையும் செய்துவிடுகிறதே, கோலாலம்பூரில் பெரிய நிறுவனத்தில் சேர்ந்துவிடலாமா என்றும் எழுதியிருக்கிறார். நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இதே வேலையைத்தான் பார்க்கிறேன்: கணக்கெழுதுவது, வரி, கம்பெனி செக்ரட்டரி வேலை. எடுத்து நடத்துங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அப்பா நடத்திய மாதிரி நடத்த முடியாது.

உங்கள் அப்பாவின் வரும்படியில் பாதி வருடத்துக்கு ஒருமுறை வரிப் படிவம் நிரப்புவதில் வந்திருக்கும். அது போய்க்கொண்டிருக்கிறது. சிறு செண்டிரியான் பெர்ஹாட் (தனியார்) கம்பெனிகளின் தணிக்கையை நம்பியிருந்தால் அதுவும் சுருங்கும். விற்பனை, சொத்து, ஆள் எண்ணிக்கை மூன்றில் இரண்டு வரம்புக்குள் இருந்தால் தணிக்கை கட்டாயமில்லை. அந்த விற்பனை வரம்பு 2025-இல் 10 லட்சம் ரிங்கிட், 2026-இல் 20 லட்சம், 2027-இல் 30 லட்சம். நம்மூர்க் கம்பெனிகளில் எத்தனை அதற்கு மேல் போகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

சரி, புது வேலை எங்கே இருக்கிறது? எங்களிடம் வரும் ஒரு லோரிக்காரரைச் சொல்கிறேன். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றுகிறவர். ஜூன் 30 நெருங்கும்போது பிஸ்கட் டின் நிறைய எடைச் சீட்டும் டீசல் ரசீதும் கொண்டுவந்து மேசையில் கொட்டுவார். விற்பனை 10 லட்சத்தைத் தாண்டியதால் 2026 ஜனவரி 1 முதல் அவரும் இ-இன்வாய்ஸ் (மின்னணு விலைப்பட்டியல்) போட வேண்டியதாயிற்று. இன்வாய்ஸ் வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தில் சரிபார்க்கப்பட்டு வந்தால்தான் பணம் என்று ஆலையும் சொல்லிவிட்டது. "ஏம்மா, ஜிஎஸ்டிக்கும் இப்படித்தான் ஓடினோம், மூணு வருஷத்துல எடுத்துட்டாங்க. இதுவும் போயிடும்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. 2015 ஏப்ரலில் வந்த ஜிஎஸ்டி 2018 ஜூனில் பூஜ்யமாகி, செப்டம்பரில் பழைய விற்பனை, சேவை வரியான எஸ்எஸ்டி திரும்பிவிட்டது. ஆனால் இது போகிற மாதிரி தெரியவில்லை.

இன்வாய்ஸ் போடுவதை மென்பொருள் செய்துவிடும். எந்த எடைக்குப் போடுவது என்பதில்தான் சிக்கல். தோட்டத்தில் ஒரு எடை, ஆலை வாசலில் இன்னொரு எடை. அவருக்குக் கூலி டன் கணக்கில். தோட்டத்துச் சீட்டைப் பார்த்து உடனே போட்டுவிட்டால், ஆலை எடை குறையும்போது, இன்வாய்ஸ் சரிபார்க்கப்பட்டதிலிருந்து 72 மணி நேரத்துக்குள் அதை ரத்து செய்ய வேண்டும். தவறினால் தொகையைக் குறைத்துக் காட்டும் கிரெடிட் நோட் எழுத வேண்டும். "எடையைக் குறைச்சது அவன், நோட்டு நான் எழுதணுமா?" என்று கோபப்பட்டார். நியாயமான கோபம். அவரை ஆலை எடைச் சீட்டுக்காகக் காத்திருக்கச் சொன்னோம். இப்போது டிரைவர்கள் அந்தச் சீட்டைப் படம் பிடித்து சாயங்காலம் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். எங்கள் அலுவலகப் பெண் அவருடைய கணக்கில் இன்வாய்ஸ் போடுகிறாள். இப்படி உட்கார்ந்து யோசித்ததுக்குத்தான் அவர் எங்களுக்குக் காசு கொடுக்கிறார். அந்தச் சீட்டைப் பற்றித் தமிழில் அவரோடு வாதாட எந்த மென்பொருளும் வராது.

அந்தப் பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பிள்ளை. ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம்மில் அருமையான தேர்ச்சி. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசாங்க மெட்ரிகுலேஷன் படிப்புக்கு மனு போட்டாள், கிடைக்கவில்லை, ஏன் என்று யாரும் சொல்லவுமில்லை. ஆறாம் படிவத் தேர்வான எஸ்டிபிஎம் முடித்து எங்களிடம் வந்தாள். ஒவ்வொரு வருடமும் இதே செய்தியைத் தமிழ்ப் பத்திரிகைகளில் படிக்கிறோம், அறிக்கை விடுகிறார்கள், அடுத்த வருடம் வேறு பிள்ளையின் படம் வருகிறது. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சிலர் சொல்லலாம். எனக்கு மனசு ஆறவில்லை, எழுதிவிட்டேன்.

கோலாலம்பூரில் இருக்கும் நண்பர்கள் இதைக் குமாஸ்தா வேலை என்பார்கள். ஆலோசனைதான் உயர்ந்தது, தகவல் ஏற்றுவது கீழ்வேலை என்பது அவர்கள் எண்ணம். பெரிய கம்பெனிகளுக்கு அது சரியாக இருக்கலாம், நான் மறுக்கவில்லை. இங்கே தினமும் சீட்டைப் பார்ப்பதால்தான் எந்த லோரி நஷ்டத்தில் ஓடுகிறது என்று எங்களுக்குத் தெரிகிறது. அதைத் தெரியாமல் என்ன ஆலோசனை சொல்வது?

இது தினசரி வேலை என்பதால் வருடக் கட்டணத்தை மாதக் கட்டணமாக மாற்ற வேண்டியிருக்கும். மாற்றினால் நம் ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்று பயப்படாதீர்கள். பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில், எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்குதாரர் ஆனார்கள். எதற்கு என்று புரிந்தால் கொடுப்பார்கள். புரியவைக்காமல் கட்டணத்தை ஏற்றினால், "தமிழன் ஆபீஸ்தானே, இவ்வளவா?" என்ற பேச்சு கட்டாயம் வரும்.

அதனால் பொறுப்பை முழுசாக எடுத்துக்கொள்வதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். மாதக் கட்டணப் பேச்சை அப்பா பக்கத்தில் இருக்கும்போதே ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் பேசி முடித்துவிடுங்கள். பழைய ஆட்கள் உங்கள் முகத்துக்காக ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவர் முகத்துக்காக ஒத்துக்கொள்வார்கள்.